மூன்று நிமிடப் பண்டிகை

வணக்கம். மைக் முன்னால் உட்கார வைத்ததுமே என் கை தானாகக் காதுக்குப் போனது, ஹெட்செட் நழுவியிருக்கிறதா என்று பார்க்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 31 வருடம் ஆபரேட்டராக இருந்தவளுக்கு அந்தப் பழக்கம் எங்கே போகும்? இப்போது வயது 73. வயதான காலத்தில் நன்றி, உடல்நலம், ஆரவாரம் இல்லாத பண்டிகை, இந்த மூன்றையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். எங்கள் கணக்கில் அது மூன்று ட்ரங்க் காலுக்கும் கொஞ்சம் கூட.

ட்ரங்க் கால் தெரியாத பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் சொல்கிறேன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் லைன் போட்டுக் கொடுப்போம். மூன்று நிமிடம் ஒரு கணக்கு, அது முடிந்தால் நடுவில் நுழைந்து சொல்லுவோம், நீட்டுவதா வேண்டாமா என்று கேட்போம். பண்டிகை நாளில் ஊரெல்லாம் விடுமுறை, எங்களுக்கு மட்டும் இரட்டை வேலை.

அதில் ஒரு வேடிக்கை. அந்த மூன்று நிமிடமும் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். எல்லாரும் சௌக்கியமா, கடிதம் வந்ததா, அங்கே மழை உண்டா, பெரியவன் என்ன படிக்கிறான். நான் உள்ளே நுழைந்து 'த்ரீ மினிட்ஸ்' என்றதும்தான் உண்மையான பேச்சு வெளியே வரும். அந்தக் கடைசி அரை நிமிடத்துக்காகத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தார்களோ என்று தோன்றும்.

ஒரு பெரியவர். பெயர் சொல்ல மாட்டேன், காதில் விழுந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வருடா வருடம் பண்டிகையன்று காலையில் ஒரே நம்பருக்குப் பி.பி. கால் போடுவார், அதாவது குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேச்சு. அந்தப் பக்கம் அவருடைய அக்கா. அவர்களுக்குக் காது மந்தம், அதனால் பாதி நேரம் 'என்ன? என்ன?' என்பதிலேயே போய்விடும். நான் நேரம் முடிந்தது என்று சொன்னதும் இவர் அவசரமாக ஒன்று சொல்லுவார். ஒரு வருடம், 'அக்கா, எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட உன் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாயே, அதை நினைத்துக்கொண்டேன்.' அடுத்த வருடம், 'மழையில் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்து நீ நனைந்தாயே, அதை நினைத்துக்கொண்டேன்.' ஒவ்வொரு வருடமும் வேறு ஒன்று, ஒன்றைக்கூட இரண்டு தடவை சொன்னதில்லை. நன்றி என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த ஒரு காலுக்கு மட்டும் நான் அரை நிமிடம் தாமதமாகத்தான் குறுக்கிட்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம், ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிவிட்டது.

பழைய தமிழில் நன்றி என்றால் செய்த நன்மை, உதவி. அதைச் சொல்லுதல் என்று நம் மொழி சொல்லவில்லை, நன்றியறிதல் என்கிறது. முதலில் அறிய வேண்டும், வாயால் சொல்வது அப்புறம். அதனால்தானோ என்னவோ, வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னால் நமக்குக் கூச்சமாக இருக்கிறது, 'என்ன, அசலார் மாதிரி பேசுகிறாய்' என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பெரியவர் அறிந்ததைத்தான் சொன்னார். கம்மல், குடை.

இதனால் உடம்புக்கு என்ன பலன் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குழு வாரம் ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து என்று, நன்றியோடு நினைக்கும் விஷயங்களை எழுத வேண்டும். இன்னொரு குழு எரிச்சலூட்டியவற்றை எழுத வேண்டும். பத்து வாரம் கழித்துப் பார்த்தால், நன்றி எழுதியவர்கள் உடம்பு சரியில்லை என்று சொன்னது குறைவு, உடற்பயிற்சி செய்தது அதிகம். எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள்தான், அதனால் நம் வயதுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதே ஆய்வில் தினமும் எழுதிய இன்னொரு மாணவர் குழுவுக்கு அந்த உடல்நலப் பலன் தெரியவில்லை. ஆனால் நரம்புத்தசை நோய் உள்ளவர்கள் 21 நாள் எழுதியபோது தூக்கம் நன்றாக வந்ததாகச் சொன்னார்கள். ஆக, மருந்துக்குப் பதில் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்தோடு சேர்த்து இதுவும் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கோபத்தோடு சொல்கிறேன். துணையை இழந்து உட்கார்ந்திருப்பவரிடம் போய், 'இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படுங்கள்' என்று சொல்லாதீர்கள். பண்டிகை நாளில் அதைப்போலக் குத்துகிற வார்த்தை வேறு இல்லை. அவர்களாக ஒரு நாள் குடையைப் பற்றிப் பேசுவார்கள். அன்றைக்குப் பக்கத்தில் இருங்கள்.

சரி, பண்டிகைக்கு வருகிறேன். இங்கே எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, காது. என்னை எங்கே பேசக் கூப்பிட்டாலும் கடைசியில் காதில்தான் வந்து நிற்பேன். வயதானால் முதலில் குறைவது கூர்மையான ஒலிகளைக் கேட்கும் திறன். உயிரொலி கேட்கும், மெய்யொலி நழுவிப் போகும். கட்டு, தட்டு, பட்டு, இந்த மூன்றையும் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தின் மெய் காதில் விழாவிட்டால் மூன்றும் ஒன்றுதான். அதுவும் பக்கத்தில் டிவி ஓடி, நாலு பேர் சேர்ந்து பேசி, குழந்தைகள் ஓடினால் முடிந்தது. நீங்கள் கத்துவதால் உயிரொலிதான் பெரிதாகிறது, நழுவிய மெய்யொலி திரும்பி வருவதில்லை. கொஞ்சம் நிதானமாக, முகம் பார்த்துப் பேசினால் வரும்.

பண்டிகை வீட்டில் பார்த்திருப்பீர்கள், இருப்பதிலேயே நல்ல நாற்காலியைப் போட்டுத் தாத்தாவையோ பாட்டியையோ நடுநாயகமாக உட்கார வைப்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் வணங்குவார்கள், போட்டோ எடுப்பார்கள். அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார். ஏன் சிரிக்கிறார் தெரியுமா? பாதி கேட்கவில்லை, கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். நான் இரண்டு பண்டிகை அப்படிச் சிரித்திருக்கிறேன். காதை வைத்துப் பிழைத்தவள் நான், எனக்கே அந்த நிலை! டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் போதும். திரும்பச் சொல்கிறேன், டிவியை அணையுங்கள்.

மூன்றாவது பண்டிகையில் விழுந்தேன். வயிறு நிறைய விருந்து, அரை மணி நேரம் கழித்து யாரோ கூப்பிட்டார்கள் என்று சடாரென்று எழுந்தேன், கண் இருட்டியது, மணிக்கட்டு உடைந்தது. நிறையச் சாப்பிட்ட பிறகு வயதானவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், முதல் இரண்டு மணி நேரம் கவனம் வேண்டும் என்று டாக்டர் அப்புறம் விளக்கினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, எழுவதற்கு முன் ஒரு நிமிடம் விளிம்பில் உட்காருவது, இவ்வளவுதான் வைத்தியம். முன்பே தெரிந்திருந்தால் ஒரு மாவுக்கட்டு மிச்சம்.

இதயத்துக்கும் கூட்டம் ஆகாது போலிருக்கிறது. சுவீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான சுமார் 2,83,000 மாரடைப்புகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாரடைப்பு ஆபத்து 37 சதவீதம் கூடியிருந்தது, உச்சம் இரவு பத்து மணிக்கு. 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இன்னும் அதிகம். காரணம் சாப்பாடா, உணர்ச்சி வேகமா, அலைச்சலா என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. ஆனால் ஈஸ்டரில் அப்படி ஏறவில்லை. இதைப் படித்ததிலிருந்து பண்டிகை இரவில் ஒன்பது மணிக்கு நான் படுக்கைக்குப் போய்விடுகிறேன், யார் என்ன நினைத்தாலும் சரி.

நினைக்கத்தான் செய்தார்கள். அடுத்த பண்டிகைக்குக் கூட்டம் வேண்டாம், இரண்டு பேர் இரண்டு பேராக வேறு வேறு நாளில் வாருங்கள் என்றேன். அம்மாவுக்கு யார் மேல் கோபம் என்று மகன் மருமகளைக் கேட்டானாம், மருமகள் மகளைக் கேட்டாளாம். கோபம் ஒன்றும் இல்லை. மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று தெரிகிறபோது மனிதர்கள் தாமாகவே அறிமுகங்களைக் குறைத்து, மனதுக்கு நெருக்கமான சிலரோடு இருக்க விரும்புகிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன் பல வருடமாக எழுதி வருகிறார். ஒதுக்கிவைப்பது வேறு, தானாக ஒதுங்குவது வேறு. ஒரு பெரியவர் கூப்பிட ஆளில்லாமல் வீட்டில் இருக்கிறாரா, வேண்டுமென்றே இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

அன்றைக்கு நான் செய்வது ஒன்றுதான். காலையில் ஒரே ஒரு ஆளுக்குப் போன் போடுவேன். வாழ்த்துப் படத்தை நூறு பேருக்குத் தட்டிவிடுவதில்லை. ஒரே ஆள், ஒரே விஷயம், மூன்று நிமிடம். போன பண்டிகைக்கு என்னோடு இரவு ஷிப்ட் பார்த்த தோழியைக் கூப்பிட்டு, 'என் பிள்ளைக்கு ஜுரம் என்று நீ இரண்டு போர்டையும் சேர்த்துப் பார்த்தாயே, நினைத்துக்கொண்டேன்' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் அவள் கேட்டாள், 'அது நானா?' அவளுக்கு ஞாபகமே இல்லை!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். மாத்திரை பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வைத்திருந்தேன், நடைப்பயிற்சி, தூக்கம் எல்லாம் இந்தத் தாளில் அப்படியே இருக்கிறது. சரி, வேகமாக. பண்டிகை என்று மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள். மருந்துக் கடை மூடியிருக்கும், நாலு நாளுக்கு முன்பே வாங்கி வையுங்கள். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள், டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவு. காதில் கருவி வைத்திருப்பவர்கள் பேட்டரியை முதல் நாளே பாருங்கள். அப்புறம் அந்தத் தூக்க விஷயம்... வேண்டாம், மறுபடியும் கை காட்டுகிறார்கள். வைக்கட்டுமா?