தாமரை விருதும் தமிழுக்கு வந்தவர்களும்

(தில்லியில் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பாடுவதற்குக் காத்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

2025 செப்டம்பர் 23ஆம் நாள், நம் ஊர் விஞ்ஞான் பவனில் 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளைக் குடியரசுத் தலைவர் வழங்கினார். 2023ஆம் ஆண்டில் தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படங்களுக்கான விருதுகள் அவை. ஷாருக் கானும் விக்ராந்த் மாஸியும் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டதும், மோகன்லால் தாதாசாகேப் பால்கே விருது பெற்றதும் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்தன. தமிழில் 'பார்க்கிங்' சிறந்த படமானது. 'வாத்தி' படப் பாடல்களுக்காக ஜி.வி. பிரகாஷ்குமார் விருது பெற்றார். 'பார்க்கிங்' படத்தில் நடித்த எம்.எஸ். பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பிறமொழி நடிகர்கள் பலருக்குத் தமிழில் குரல் கொடுத்து, தன் முகம் தெரியாமல் நெடுங்காலம் உழைத்தவர் அவர். இரவல் குரலாக அறியப்பட்ட ஒருவர் தன் முகத்தோடு மேடையேறியதைப் பார்த்தபோதுதான், பழைய பட்டியல்களை எல்லாம் எடுத்து மீண்டும் படிக்க வேண்டும் என்று தோன்றியது. அப்படிப் படித்தபோது கண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த விருதுகள் 1954இல் தொடங்கின. 1953ஆம் ஆண்டின் சிறந்த கதைப்படமாக 'ஷ்யாம்சி ஆயி' என்ற மராத்திப் படம் தங்கப் பதக்கம் பெற்றது. ஆவணப்படத்துக்கான தங்கப் பதக்கம் பெற்ற படத்தின் பெயர் 'மகாபலிபுரம்'. அடுத்த ஆண்டே 'மலைக்கள்ளன்' தமிழுக்கு வெள்ளிப் பதக்கம் கொண்டுவந்தது. ஆனால் இந்திய அளவில் சிறந்த கதைப்படம் என்ற முதல் பரிசு தமிழுக்கு வர, 1990ஆம் ஆண்டின் படமான 'மறுபக்கம்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தில்லித் தமிழர்கள் அந்தப் படத்தை மறக்கக் கூடாது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'உச்சி வெயில்' என்ற குறுநாவல்தான் அப்படமாயிற்று. அதை இயக்கி, திரைக்கதைக்கும் விருது பெற்றவர் மலையாளத் திரையுலகின் மூத்த இயக்குநர் கே.எஸ். சேதுமாதவன். ஊரை விட்டு வந்து தலைநகரில் வாழ்ந்த ஒரு தமிழரின் எழுத்தும், பாலக்காட்டில் பிறந்த ஒரு மலையாளியின் பார்வையும் சேர்ந்தபோதுதான் சிறந்த கதைப்படத்துக்கான தங்கத் தாமரை விருது தமிழுக்கு முதன்முதலாக மலர்ந்தது.

இது தற்செயலோ என்று நினைத்தேன். அடுத்த படம் 2007ஆம் ஆண்டின் 'காஞ்சிவரம்'. இயக்குநர் பிரியதர்ஷன் கேரளத்தவர், அதில் நெசவாளியாக நடித்துச் சிறந்த நடிகர் விருது பெற்ற பிரகாஷ் ராஜ் பெங்களூருக்காரர். மூன்றாவது படம் 2020ஆம் ஆண்டின் 'சூரரைப் போற்று'. இயக்குநர் சுதா கொங்கரா விசாகப்பட்டினத்தில் பிறந்தவர், சிறந்த நடிகை விருது பெற்ற அபர்ணா பாலமுரளி கேரளத்தவர், கதைக்கு ஆதாரமான கேப்டன் கோபிநாத் கன்னடிகர். 'பசி' படத்தில் சென்னையின் குப்பை பொறுக்கும் பெண்ணாகவே வாழ்ந்து காட்டிய ஷோபாவும் மலையாளிதான்.

இசைப் பக்கம் திரும்பினால் இந்த உறவு இன்னும் ஆழமாகத் தெரிகிறது. சிறந்த இசையமைப்பாளர் விருதை முதன்முதலில் பெற்றவர் 'கந்தன் கருணை' படத்துக்காக கே.வி. மகாதேவன், அவரே பின்னாளில் தெலுங்குச் 'சங்கராபரணம்' படத்துக்காகவும் அவ்விருதைப் பெற்றார். இளையராஜா தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் விருது தேடித்தந்தார். கொடுத்ததும் வாங்கியதும் இருபுறமும் நடந்திருக்கின்றன. பாடலாசிரியருக்கான முதல் விருது 'குழந்தைக்காக' படத்துக்காகக் கண்ணதாசனுக்குச் சென்றது. அதே 1968ஆம் ஆண்டின் படங்களுக்கு, பாடகியருக்கான விருதும் முதன்முறையாக அறிவிக்கப்பட்டது. 'உயர்ந்த மனிதன்' படத்தில் 'பால் போலவே' என்று தொடங்கும் பாடலுக்காக அதைப் பெற்றவர், விஜயநகரத்தில் பிறந்த தெலுங்குப் பெண்மணி பி. சுசீலா. பின்னர் 'செந்தூரப்பூவே' பாடி விருது பெற்ற எஸ். ஜானகியும் ஆந்திரத்தவர், 'போறாளே பொன்னுத்தாயி' என்று கேட்டவர் நெஞ்சைக் கரைத்து விருது பெற்ற சொர்ணலதா கேரளத்தில் பிறந்தவர்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சுசீலா விருது பெற்ற அந்தப் பாடலுக்கு இசையமைத்த எம்.எஸ். விஸ்வநாதனுக்கு, தேசிய விருது ஒருமுறைகூட வழங்கப்படவில்லை. பாலக்காட்டுப் பகுதியிலிருந்து வந்து, இரண்டு தலைமுறைத் தமிழர்களுக்குத் தாலாட்டும் காதலும் துக்கமும் இன்ன மெட்டில்தான் இருக்கும் என்று பழக்கிய மனிதர் அவர். பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெயரைத் தேடி ஏமாறுகிறேன்.

தூர்தர்ஷனில் ஞாயிறு பிற்பகலில், விருது பெற்ற மாநில மொழிப் படங்களை முறைவைத்து ஒளிபரப்பிய காலம் இங்குள்ள மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அரசுக் குடியிருப்பில் எங்கள் வீட்டில் தமிழின் முறை வரும் நாளன்று பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பமும் வந்து அமர்ந்து, கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டே பார்க்கும். அவர்கள் முறை வரும்போது நாங்கள் போவோம். அந்த வீட்டு அம்மாள் எங்களிடமிருந்து கற்ற தமிழ்ச் சொற்களைத் தவறாகச் சொன்னால், என் தாயார் அகமகிழ்ந்து பாராட்டுவார். அதே என் தாயார், நான் இந்தி கலந்து பேசினால் கடிந்துகொள்வார். நானும் என் பேரப்பிள்ளைகளிடம் அப்படித்தான் நடந்துவந்திருக்கிறேன். மயூர் விகாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வளரும் பிள்ளைகள் பலர், உச்சரிப்புக்குத் திருத்தம் கேட்டுக் கேட்டே தமிழில் வாய் திறக்கத் தயங்குவதைப் பார்க்கிறேன். வேற்று மொழியில் பிறந்து தமிழைக் காதால் கற்றவர்களைக் கொண்டாடும் நாம், நம் வீட்டுப் பிள்ளை அதே வழியில் தமிழுக்கு வரும்போது மட்டும் பொறுமை இழக்கிறோம்.

அடுத்து மேடைக்கு வரவிருக்கும் சிறுமிக்கு எட்டு வயது. தமிழ் எழுத்து இன்னும் முழுதாகக் கூடிவரவில்லை. சுசீலாவின் அந்தப் பாடலைத் தேவநாகரியில் எழுதி, 'நாளை இந்த வேளை' என்ற இடத்தில் ளகரம் தவறிவிடக் கூடாதென்று இரண்டு எழுத்துகளின் அடியிலும் சிவப்பு மையால் புள்ளி வைத்திருக்கிறாள். அந்தத் தாளைச் சற்றுமுன் என்னிடம் காட்டினாள். மைக்கை அவளுக்குத் தருகிறேன். வணக்கம்.