முகவுரைக்குக் கீழே ஒரு தேதி இருக்கிறது

(எழும்பூரில் பள்ளி வரலாற்று ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நம் பாடநூலில் அரசியலமைப்பின் முகவுரை அச்சாகியிருக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதைப் பிள்ளைகளை வாசிக்கவைக்கும் பள்ளிகளும் உண்டு. நல்ல வழக்கம். 'இந்திய மக்களாகிய நாம்' என்று தொடங்குகிறது, 1949 நவம்பர் 26 என்ற தேதியைத் தாங்கி நிற்கிறது. நடுவில் சமதர்மம், சமயச்சார்பின்மை இரண்டும் வருகின்றன. ஒரு பிள்ளை இதைப் படித்தால் எல்லாமே 1949-இல் ஒன்றாக எழுதப்பட்டவை என்றுதான் நினைக்கும். பிள்ளைமேல் தப்பில்லை, தாள் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த இரண்டும் 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், 42-ஆவது திருத்தத்தின் வழியாகச் சேர்ந்தவை. தேதி மட்டும் பழையபடியே நிற்கிறது.

அதற்கு முன்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. 1948 நவம்பர் 15 அன்று, அரசியலமைப்பை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபையில், அதன் உறுப்பினர் கே.டி. ஷா, முதல் பிரிவிலேயே இந்தியாவைச் சமயச்சார்பற்ற, கூட்டாட்சி, சமதர்ம நாடு என்று குறிக்க வேண்டும் என ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. சமுதாயத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதைக் காலத்துக்கு ஏற்ப மக்களே முடிவு செய்ய வேண்டும், அதை அரசியலமைப்பில் கட்டிப்போடக் கூடாது என்றார். கூடவே, அரசு பின்பற்ற வேண்டியவை என்று அரசியலமைப்பு சொல்லும் வழிகாட்டு நெறிகளில் சமதர்மக் கொள்கைகள் ஏற்கெனவே இருக்கின்றன என்றும் சொன்னார். இன்றைக்கு இதைப் பற்றி வாதிடுகிற இரு தரப்பும் ஆளுக்குப் பாதிப் பேச்சை எடுத்துக்கொள்கிறார்கள். முழுப் பேச்சையும் ஒரு பாடவேளைக்குள் வகுப்பில் வாசித்துவிடலாம். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சில் உள்ளன, இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் பிள்ளைகளுக்குத் தடையாக இருந்தால் நாம் தமிழில் எடுத்துச் சொல்லலாம். அதற்குத்தானே நாம் இருக்கிறோம்?

சரி, ஒரு சின்ன விஷயம். அரசியலமைப்பை எழுத 2 ஆண்டு 11 மாதம் 18 நாள் ஆனது என்று எல்லாத் தேர்வுக் கையேட்டிலும் இருக்கிறது. அம்பேத்கரின் நிறைவுரையில் 17 நாள் என்று வருகிறது. யார் சொல்வது தப்பு? யாரும் இல்லை. சபை முதலில் கூடியது 1946 டிசம்பர் 9. அம்பேத்கர் பேசியது 1949 நவம்பர் 25, சபை சட்டத்தை ஏற்றது மறுநாள். இதைக் கரும்பலகையில் எழுதி, ஒரு நாள் ஏன் கூடியது என்று கேளுங்கள். விடை கண்டுபிடிக்கும் பிள்ளை, ஒரு சான்றை எடுத்ததும் முதலில் அதன் தேதியைப் பார்க்கப் பழகிவிடும்.

கொஞ்சம் கடினமானது அடுத்தது. அம்பேத்கர் தலைமையில் அரசியலமைப்பை வரைந்த வரைவுக் குழுவில் வேலை செய்தது யார்? மதராஸிலிருந்து போன டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பர் 5 அன்று சபையில் வெளிப்படையாகப் பேசினார். ஏழு பேரில் ஒருவர் விலகி, அவருக்குப் பதில் வேறொருவர் வந்தார். ஒருவர் இறந்தார், அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசுப் பணிகளில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் டெல்லியை விட்டுத் தொலைவில் இருந்தார்கள். கடைசியில் சுமை அம்பேத்கர் மேல் விழுந்தது என்றார். ஆனால் பிந்தைய உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால், இறந்த டி.பி. கைதானின் இடத்தில் கிருஷ்ணமாச்சாரி பெயரே இருக்கிறது! பேச்சு பொய்யில்லை. பேசியபோது இடம் காலி, பிறகு அவரே வந்தார்.

அம்பேத்கரோ ஓராண்டு கழித்து, தனக்குத் தரப்படும் பெருமையில் ஒரு பங்கு அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவுக்கும், இன்னும் பெரிய பங்கு தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜிக்கும் உரியது என்றார். ஒருவர் உழைத்தவரைப் பாராட்டுகிறார், மற்றவர் விடைபெறும் நேரத்தில் உடன் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்கிறார். இந்த இரண்டையும்விட எனக்கு வலுவாகத் தெரியும் சான்று தினசரி விவாதங்கள்தான். சபைக்கு வந்த திருத்தங்கள் 7,635, அவற்றில் முன்மொழியப்பட்டவை 2,473. நாள்தோறும் எழுந்து பதில் சொல்லிக்கொண்டே இருப்பவர் அம்பேத்கர். பக்கத்தைப் புரட்டினால் யாருக்கும் அது தெரியும்.

இனி நம் ஊருக்கு வருவோம். பிரிவு 15-க்குப் போங்கள். அதில் (4) என்ற உட்பிரிவு, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. அடிக்குறிப்பைப் பாருங்கள்: 1951-இன் முதல் திருத்தச் சட்டத்தால் சேர்க்கப்பட்டது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் ஏன்?

அந்த அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால் பாரிமுனைக்கு வந்து சேர்வீர்கள், நம் உயர் நீதிமன்றத்துக்கு. கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காக எடுத்துச் சமூகவாரியாகப் பிரிக்கும் கம்யூனல் ஜி.ஓ. என்ற அரசாணை அப்போது இருந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2 (அந்த ஆணையின் சொல் அது), ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர் இருவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்துத் தொடரப்பட்டதுதான் செண்பகம் துரைராஜன் வழக்கு. மனுதாரர் தரப்பில் வாதாட வந்தவர், அரசியலமைப்பை வரைந்த குழுவிலேயே இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். 1950 ஜூலையில் இங்கே ஆணை செல்லாது என்றார்கள், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பெரியாரும் திராவிடர் கழகமும் போராடினார்கள். மதராஸில் நடந்தவற்றால்தான் இந்த விஷயம் எழுந்தது என்று நேரு நாடாளுமன்றத்திலேயே குறிப்பிட்டார். ஜூன் மாதத்தில் 15(4) வந்துவிட்டது. நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் நம் தெருக்களில் கிளம்பிய ஒரு வழக்கின் தடம் இருக்கிறது, நம் பிள்ளைகளில் பலருக்கு அது தெரியாது. எனக்கு அது தாங்கவில்லை.

ஆகவே ஒன்று கேட்கிறேன். அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சில பக்கங்கள்தான், அதை நகலெடுத்து வகுப்புக்குக் கொண்டுபோங்கள். அதே நாட்களின் 'விடுதலை'யையும் 'இந்து'வையும் தேடிப் பக்கத்தில் வையுங்கள். இதே எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. தீர்ப்பிலேயே ஒரு வரி வருகிறது: மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை, இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வழக்குக்கு வந்தார் என்று. விண்ணப்பிக்காதவர் இப்படி வருவதைத் தாங்கள் ஆமோதிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் வழக்கை ஏன் கேட்டார்கள்? காரணமும் அந்தப் பத்தியிலேயே இருக்கிறது. அதை நான் சொல்லப்போவதில்லை, உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.