வேற மொழிக்காரங்களோட ஹைக்கூ பகிர்றது எப்படி?

வணக்கம். பல மொழிக்காரங்க இருக்கிற குழுவுல ஹைக்கூ போட்டா பல நேரம் பதிலே வராது. கவிதை மோசம்னு இல்லங்க, மொழிமாற்றத்துல அது கவிதையாப் போய்ச் சேரல. எங்க உடையுதுன்னு பார்த்துடலாம்.

முதல்ல இந்த 5-7-5, அதாவது ஜப்பான்லருந்து வந்த இந்தச் சின்னக் கவிதையோட மூணு பகுதிக்கும் சொல்ற எண்ணிக்கை. ஜப்பான்ல எண்ணுறது 'ஓன்'ங்கிற ஒலி அலகை. டோக்கியோவை அவங்க தோ-ஓ-க்யோ-ஓன்னு நாலு ஓனா எண்ணுவாங்க. நம்ம மாத்திரைக் கணக்கு மாதிரிதான், நெடிலுக்கு ரெண்டு. ஆனா சொல்லோட கடைசியில வர்ற 'ன்' அங்க முழுசா ஒண்ணு, நமக்கு ஒற்று அரை மாத்திரை. ஓனும் அசையும் ஒண்ணு இல்ல. 17 அசையை நிரப்பப் போனா தேவையில்லாத சொல் வந்து ஒட்டிக்கும். ஆங்கிலத்துல எழுதுறவங்களே பலர் 10லருந்து 14 அசைக்குள்ள முடிச்சுக்கிறாங்க. மூணு சின்ன வரி, நடுவுல ஒரு வெட்டு (ரெண்டு காட்சியைப் பிரிக்கிற நிறுத்தம்), அது போதும்.

அந்த வெட்டுதான் உயிர். ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1686ல எழுதின தவளை ஹைக்கூவையே எடுத்துக்கோங்க: 'ஃபுருஇகே யா / கவாசு தோபிகோமு / மிசு நோ ஓதோ'. சொல்லுக்குச் சொல் வெச்சா: பழங்குளம், அப்புறம் 'யா'ங்கிற வெட்டுச்சொல், தவளை, குதிக்கும், நீர், இன், ஓசை. வரிசை மாறாம அப்படியே தமிழ்ல உட்காருது பாருங்க!

பழங்குளம் —
தவளை குதிக்கும்
நீரோசை

இதுல 'குதிக்கும்'ங்கிறதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. 'தவளை குதிக்கும்'னு அங்கயே நிறுத்தினா வினைமுற்று. 'குதிக்கும் நீரோசை'ன்னு சேர்த்துப் படிச்சா பெயரெச்சம். 'தோபிகோமு'வும் இதே மாதிரி ரெண்டு பக்கமும் நிக்கும். தவளை ஒண்ணா பலவான்னு ஜப்பானிய மூலம் சொல்லாது, தமிழும் சொல்ல வேண்டியதில்ல. ஆங்கிலம் வழியா வந்தா 'ஒரு தவளை'ன்னு ஆயிடும். அந்த 'ஒரு'வை யோசிக்காம போடாதீங்க.

இப்ப நம்ம ஹைக்கூ வெளிய போகும்போது என்ன ஆகுது? உதாரணத்துக்கு ஒண்ணு:

மழை விட்டது —
துணிக்கொடியில்
வரிசையாய்த் துளி

மொழிபெயர்ப்பு செயலியில போட்டா 'மழை விட்டதும் துணிக்கொடியில் துளிகள் வரிசையாக உள்ளன'ங்கிற மாதிரி ஒரே வாக்கியமா ஒட்டிடும் அபாயம் உண்டு. வெட்டு போச்சு, ஹைக்கூவும் போச்சு. சில நேரம் எங்கயும் இல்லாத 'நான்' வேற வந்து நுழையும்.

அதனால பதிவை நாலு அடுக்காப் போடுங்க. தமிழ் மூலம், உச்சரிப்பு ரோமன் எழுத்துல, அதுக்குக் கீழ சொல்லுக்குச் சொல் பொருள், கடைசியா உங்க மொழிபெயர்ப்பு. மூணாவது அடுக்கைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, ஆனா தமிழ் தெரியாதவர் உங்க வரிசையையும் வெட்டையும் கண்ணால பார்க்கிற ஒரே இடம் அதுதான். படமா மட்டும் போடாதீங்க, பார்வையில்லாதவங்களோட திரைவாசிப்பானுக்கு அது எட்டாது. வரி முறிவை விழுங்கிடற தளமா இருந்தா வரிகளுக்கு நடுவுல சாய்கோடு போட்டுடுங்க.

பருவச்சொல், அதாவது எந்தப் பருவம்னு காட்டுற சொல், இன்னொரு சிக்கல். ஜப்பானியப் பருவச்சொல் தொகுப்புல அடைமொழி இல்லாத 'நிலா' இலையுதிர்காலம், தவளை வசந்தகாலம். ரெண்டையும் ஒரே ஹைக்கூவுல வெச்சா அந்த மரபுல வாசிக்கிறவங்க எந்தப் பருவம்னு குழம்புவாங்க. டிசம்பர்னு எழுதினா ஆஸ்திரேலியாவுல இருக்கிறவங்களுக்கு அது கோடை. பருவம் முக்கியம்னா அரை வரிக் குறிப்பு போடுங்க, விளக்கவுரை வேண்டாம்.

அடுத்தவங்க ஹைக்கூவை நீங்க தமிழாக்கும்போது 'போல'வைச் சேர்க்கிற ஆசை வரும். மூலத்துல ரெண்டு காட்சி சும்மா பக்கத்துல பக்கத்துல நிக்குதுன்னா, தமிழ்லயும் அப்படியே நிக்கட்டும். பன்மையா, யார் பார்க்கிறாங்கன்னு சந்தேகம் வந்தா எழுதினவங்ககிட்டயே கேளுங்க. அவங்க சம்மதம் வாங்கிட்டு, மூலத்தையும் பேரையும் மேல வெச்சு, அதுக்குக் கீழ உங்க தமிழைப் போடுங்க.