இரண்டு கறுப்பு வளையமா, மூன்றா? சனிக்கிழமைப் பயிலரங்குக் கதை

வணக்கம், வணக்கம்! சத்தம் தெளிவாகக் கேட்கிறதா? போன மாதம் வரைக்கும் என் வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும், குரல் மாறியிருக்கிறது. அதே ஹால்தான், அதே நாற்காலிதான். மேலே அதே மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்தில் வழக்கம்போல என் தே ஓ கோசோங், பாலும் சீனியும் போடாத தேநீர். மாறியது ஒன்றுதான். இதோ, சுடிதார் கழுத்தோரத்தில் குத்தியிருக்கிறேனே, இந்தச் சின்ன மைக். பட்டாணி அளவுகூட இருக்காது. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் முதலில் சனிக்கிழமை எங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர்களுக்கான பல்லூடகப் பயிலரங்கு. கேட்டவுடனே சிலர் "ஐயோ டீச்சர், மறுபடியுமா?" என்பீர்கள். முன்பு ஒரு பயிற்சிக்குப் போய்வந்து நான் கொதித்துப் போய்ப் போட்ட வீடியோவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய அரங்கு, அறுபது பேர், மூன்று மணி நேரம். முன்னால் நின்றவர் திரையில் இந்தப் பட்டன், அந்தப் பட்டன் என்று காட்டிக்கொண்டே போனார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தால் ஒரு பட்டன்கூட நினைவில் இல்லை. அப்படிப்பட்ட பயிற்சி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். வாரம் முழுக்க வகுப்பெடுத்துவிட்டுச் சனிக்கிழமையைக் கொடுக்கிறோம். அந்த நாளுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?

இந்தத் தடவை அப்படி இல்லை. பதினாறே பேர், இரண்டு பயிற்றுநர்கள். இங்கே சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு மாடியறை. ஒன்பது மணிக்கு உள்ளே போனதுமே சொல்லிவிட்டார்கள்: "ஐந்து மணிக்கு நீங்கள் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு மூன்று நிமிடப் பாடக் காணொளி கையில் இருக்கும். அதுவரைக்கும் உங்கள் மவுஸை நாங்கள் தொடமாட்டோம்." தொடவும் இல்லை! நான் சிக்கிக்கொண்டு திணறும்போதெல்லாம் பயிற்றுநர்களில் ஒருவரான தங்கச்சி என் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "இடது பக்கம் மேலே பாருங்க டீச்சர். இன்னும் கொஞ்சம் கீழே. ம்ம், அதேதான்." அவ்வளவுதான். ஒரு நொடியில் செய்துகொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். செய்யவில்லை. அதனால்தான் நான்கு நாள் கழித்தும் என் விரலுக்கு அந்த வழி தெரிகிறது.

காலை முழுவதும் ஒலி மட்டும்தான். கேமராவைப் பற்றி மதியச் சாப்பாடு வரைக்கும் யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நாம் தமிழாசிரியர்கள். மலை, மழை, மளிகை. லகர, ளகர, ழகரம் காதில் பிரிந்து விழாவிட்டால் அந்தக் காணொளி எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்? வீட்டில் ஆங்கிலம் பேசுகிற பிள்ளைக்கு ழகரம் கேட்கக் கிடைக்கிற இடம் நம் வகுப்புதான். அங்கேயும் குரல் எதிரொலியில் கரைந்துபோனால் பிள்ளை என்ன செய்யும்?

சரி, இப்போது மைக் கதை. இதை நான் சுருக்கிச் சொல்லப் போவதில்லை.

இந்த மைக்கை ஜூன் விடுமுறையில் ஒரு கடையில் 18 வெள்ளிக்கு வாங்கினேன். அந்த வீடியோவில் பெட்டியைத் திறந்தே காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு ஐந்து வீடியோ எடுத்தேன். ஒவ்வொன்றின் கீழும் நீங்கள் எழுதினீர்கள், "டீச்சர், மைக் மாட்டியும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது" என்று. எனக்குக் கோபம். காசு வீணாகிவிட்டது, பொருள் மட்டம் என்று முடிவுகட்டி மேசைக்குள் தூக்கிப் போட்டுவிட்டேன். பயிலரங்குக்குப் போகும்போது ஏதோ தோன்றிப் பையில் எடுத்துப் போட்டேன். நல்லவேளை!

பயிற்றுநர் முதலில் செய்யச் சொன்னது இதைத்தான். பதிவை ஓடவிட்டு மைக்கின் தலையை நகத்தால் மெல்லச் சுரண்ட வேண்டும். பிறகு போட்டுக் கேட்க வேண்டும். எல்லோருடைய பதிவிலும் 'கர்ர், கர்ர்' என்று காதைக் கிழித்தது. என்னுடையதில் எங்கோ தூரத்தில் ஒரு சிறு உரசல். அப்படியென்றால் மைக் வேலையே செய்யவில்லை. ஐந்து வீடியோவும் கைப்பேசியின் சொந்த மைக்கில் பதிவானவை!

காரணம் என்ன தெரியுமா? பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள் என்றார். அந்த உலோகக் குச்சியைச் சுற்றிக் கறுப்பு வளையங்கள் இருக்கும். என்னுடையதில் இரண்டு. பக்கத்து இருக்கையில் இருந்தவருடையதில் மூன்று. இரண்டு வளையம் இருந்தால் கேமராவுக்கானது. கைப்பேசிக்கு மூன்று வளையம் வேண்டும். ஏனென்றால் கைப்பேசியின் அந்த ஒரே ஓட்டையில் இரண்டு காதுக்கும் ஒலி வெளியே போகவேண்டும், மைக்கின் ஒலி உள்ளே வரவும் வேண்டும். இரண்டு வளையப் பிளக்கைச் செருகினால் கைப்பேசி அதை வெறும் காதொலிக் கருவி என்று நினைத்துக்கொண்டு, தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். எச்சரிக்கையும் வராது, ஒன்றும் வராது. நான் பதிவுக்கென்றே வைத்திருக்கிற பழைய கைப்பேசியில் இந்த ஓட்டை இன்னும் இருக்கிறது, அதனால் வந்த வினை. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எந்தக் கருவியில் மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தால் போதுமே.

மதிய இடைவேளையில் எல்லோரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. வெயிலில் நேராக, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்தேன். அங்கே ஓர் அண்ணனிடம் பிளக்கை நீட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார், இழுப்பறையைத் திறந்து விரல் நீளத்துக்கு ஒரு இணைப்புக் கம்பியை எடுத்து வைத்தார். ஒரு முனையில் மூன்று வளையம், மறுமுனையில் என் மைக் செருகும் ஓட்டை. 6 வெள்ளி 50 காசு. ஆக மொத்தம் 24 வெள்ளி 50 காசு. அந்த 6 வெள்ளி 50 காசு என் மேசைக்குள் கிடந்த 18 வெள்ளியை மீட்டுவிட்டது! திரும்பி வந்து நகத்தால் சுரண்டிக் கேட்டேன். 'கர்ர்!' அந்த அறையில் நான் துள்ளியது மற்றவர்களுக்கு வேடிக்கையாகக்கூட இருந்திருக்கும், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மைக் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் கணக்கோடு காட்டினார்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறையும் ஒவ்வொரு முறையும் குரலின் ஒலியளவு சுமார் 6 டெசிபல் ஏறும். கைப்பேசி 160 சென்டிமீட்டரில் நிற்கிறது, காலர் மைக் 20 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். 160, 80, 40, 20, மூன்று பாதி. 18 டெசிபல். அறையின் எதிரொலியும் மின்விசிறியும் இருந்த இடத்திலேயே இருக்கும், உங்கள் குரல் மட்டும் முன்னால் வந்துவிடும்.

அட, ஒன்று விட்டுப்போயிற்று. காலைப் பகுதியைப் பற்றிப் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டியது. பேச ஆரம்பிக்கும் முன் ஐந்து நொடி சும்மா இருக்க வேண்டும். அந்த வெற்று அறைச் சத்தத்தை ஆடாசிட்டி என்கிற ஒலித்தொகுப்பு மென்பொருளில் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று முதலில் காட்டிக்கொடுக்கவேண்டும். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அந்த இரைச்சலைக் குறைக்கச் சொல்லவேண்டும். ஆடாசிட்டி இலவசம். ஆனால் அளவோடு குறையுங்கள், அதிகம் போனால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். இந்த வீடியோவின் தொடக்கத்தில் நான் உங்களையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேனே, அது இதற்காகத்தான்.

மதியம் கேமரா. சன்னலுக்கு முதுகு காட்டாதீர்கள், முகம் காட்டுங்கள். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் வையுங்கள். மாணவர் முகம் வேண்டாம், கை மட்டும் போதும். வேறு பெரிதாக ஒன்றும் இல்லை.

பிறகுதான் வந்தது எழுத்துச் சிக்கல். என் பாடம் 'கொக்கு' என்கிற கதை. தலைப்பைத் தட்டினேன். ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளிவட்டம். 'கொ' என்று எழுதினால் கணினி உள்ளே முதலில் 'க'வையும் அதற்குப் பிறகு குறியையும் வைத்துக்கொள்கிறது. அந்தக் குறியைப் பிரித்து ககரத்தின் இரு பக்கமும் நிறுத்துவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அதைக் கற்றுக்கொடுக்காத மென்பொருள்தான் நம் எழுத்தை உடைக்கிறது. அடோபி பிரீமியர் என்கிற காணொளித் தொகுப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை மாற்றினால் சரியாகிவிடும். மற்றவர்களுக்கு ஒரு சுலப வழி: பவர்பாயிண்டில் தலைப்பைத் தட்டி, அந்த எழுத்தை மட்டும் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, காணொளியின் மேல் ஒட்டிவிடுங்கள். படம் உடையாது.

இந்த இடத்தில் எனக்கு நா. கோவிந்தசாமி ஐயாவின் நினைவு வந்தது. நம் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், நம்மைப் போல ஆசிரியர். 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றியபோது தமிழும் அதில் இடம்பெற்றதற்கு அவருடைய உழைப்பு காரணம். 1999-இலேயே மறைந்துவிட்டார். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவாத காலத்தில், எழுத்துருவையே தாமே உருவாக்கிக்கொண்டு செய்த வேலை அது. இத்தனை ஆண்டு கழித்தும் காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளில் நம் கொம்பும் காலும் பிரிந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. விற்கிறவர்கள் சரிசெய்துவிட்டு விற்கட்டும்.

என் எதிரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வார இறுதியில் துணைப்பாடம் எடுக்கிறாராம். மவுஸைப் பிடித்த கை லேசாக நடுங்கியது. வெட்ட வேண்டிய இடத்துக்குக் கோட்டைக் கொண்டுபோவார், அது தாண்டிப் போய்விடும். மறுபடி கொண்டுவருவார். பயிற்றுநர் தம்பி, "ஐயா, மவுஸை விட்டுடுங்க. அம்புக்குறி விசையைத் தட்டுங்க, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சட்டம், அதாவது காணொளியின் ஒரே ஒரு படம்தான் நகரும்" என்றார். ஐயா ஒற்றை விரலால் தட்டினார். டொக், டொக், டொக். சரியாக மூச்சு எடுக்கும் இடத்தில் நிறுத்தினார், வெட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதே இரண்டு நொடியை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம். அறுபது பேர் அரங்கில் அந்த விரலுக்கு வேலையே இருந்திருக்காது.

பேசுவதற்காக எழுதிவைக்கிற எழுத்துப்படி பற்றியும் ஒரு வார்த்தை. கட்டுரையை வாசிப்பதுபோல் வாசிக்காதீர்கள். 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு நல்ல பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்னது. இன்றைக்குப் பிஎஸ்எல்இ என்கிற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியிலும் பிள்ளைகள் காணொளியைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அப்படியிருக்க நாம் எடுக்கிற காணொளியில் செய்தி வாசித்தால் எப்படி? இன்னொன்று, திரையில் இருப்பதையே வரிவிடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. பேசும்போது பின்னால் போடுகிற வீணை இசையும் அப்படித்தான். பாடத்துக்கு எதற்கு இசை?

நீளம்? எட்எக்ஸ் இணையப் பாடங்களில் 69 லட்சம் தடவை காணொளி பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை என்று அதில் தெரிந்தது. அவர்கள் பெரியவர்கள். தொடக்கநிலை 3 பிள்ளைகளுக்கு மூன்று நிமிடம் போதும்.

திங்கட்கிழமை 'கொக்கு' வகுப்பில் ஓடியது. பின்வரிசையில் உட்காரும் என் சின்னப் பையன் ஒருவன், "மழை வரும்போது கொக்கு எங்கே போகும் டீச்சர்?" என்று கேட்டான். மழை. ழகரத்தை நாக்கை மடித்து அப்படியே சொன்னான். நான் பதில் சொல்லாமல், "இன்னொரு தடவை கேளு" என்றேன். அவன் கேட்டான்.

சரி, அத்தை கூப்பிடுகிறார்கள், போகவேண்டும். உங்கள் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து வளையத்தை எண்ணிவிட்டுக் கீழே எழுதுங்கள், இரண்டா மூன்றா என்று. இரண்டு என்றால் எந்தக் கைப்பேசி என்பதையும் சேர்த்து எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன்.