மேக்ஸி கேப் சின்னது, மினி பஸ் பெரியது

நேயர்களுக்கு வணக்கம். இங்கிலீஷில் சின்னதைச் சொல்லவும் பெரியதைச் சொல்லவும் எத்தனை சொல் இருக்கிறது, எதற்கு எது எதிர்ச்சொல் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இடுக்கி மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் என்பதுதான் என் தகுதி. வகுப்பென்றால் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் ஸ்மால், லிட்டில், டைனி, அந்தப் பக்கம் பிக், லார்ஜ், கிரேட் என்று எழுதிப்போட்டுவிட்டு மணி அடிக்கக் காத்திருக்கலாம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்த மலையில் இங்கிலீஷ் புழங்குகிற விதத்துக்கு அந்தக் கோடு ஒத்துவராது. ஏலக்காயிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கம்பம், போடி பக்கமிருந்து விடியற்காலை ஜீப் ஏறி மலைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஸ்டோரில், அதாவது காயை உலர்த்துகிற கட்டடத்தில், காய்ந்த காயை உரசிக் காம்பு நீக்கி, சல்லடையில் போட்டுச் சலிக்கிறார்கள். சல்லடையில் வட்ட வட்டமாகத் துளை. எட்டு மில்லிமீட்டர் துளையில் விழாமல் மேலே தங்குகிற காய் 'எட்டு எம்.எம்.' பச்சை மங்காமல், வெடிப்பில்லாமல் இருந்தால் அதற்கு விலையே வேறு. கீழே விழுந்தது அடுத்த சல்லடைக்குப் போகும். இப்படிப் பருத்து நிற்கிற காய்க்கு வியாபார இங்கிலீஷில் பெயர் 'போல்டு'. அதையும் தாண்டினால் 'எக்ஸ்ட்ரா போல்டு'. தலச்சேரி மிளகுக்கும் இதே பேச்சுதான். அகராதியைப் புரட்டினால் போல்டு என்றால் துணிச்சல் என்று முதலில் போட்டிருக்கும். இருக்கட்டும். ஏலத்தோட்டத்துப் பிள்ளை ஒன்று ஸ்மாலுக்கு எதிர்ச்சொல் போல்டு என்று எழுதினால் நான் தப்புப் போடமாட்டேன். அதன் அப்பா சொல்லும் இங்கிலீஷில் அதுதான் சரி.

வேடிக்கை இனிமேல்தான். அந்த எக்ஸ்ட்ரா போல்டு காயின் முழுப்பெயர் என்ன தெரியுமா? ஸ்மால் கார்டமம். புற்றடியிலும் போடியிலும் ஏலம் போகிற காய் முழுவதையும் ஸ்பைசஸ் போர்டு அப்படித்தான் எழுதுகிறது. காரணம், சிக்கிம் பக்கம் விளைகிற வேறொரு காய். பிரியாணியில் கருப்பாய்த் தடியாய் அகப்படுமே, அது லார்ஜ் கார்டமம். நம் காய் எவ்வளவு பருத்தாலும் அதன் பக்கத்தில் ஸ்மால்தான். ஆகவே, சின்னதில் ரொம்பப் பெரியது என்று ஒரு பெயரைச் சுமந்துகொண்டு அது கப்பல் ஏறுகிறது.

எந்த அளவுச் சொல்லைக் கேட்டாலும், அதன் பக்கத்தில் யாரை நிறுத்திப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்று ஒரு கேள்வி போட்டுக்கொள்ளுங்கள். குமுளி ஸ்டாண்டில் நின்றால் இன்னொன்றும் விளங்கும். மேக்ஸி என்றால் பெரியது, மினி என்றால் சின்னது, குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி மேக்ஸி கேப் என்பது டிரைவர் நீங்கலாக 6 பேருக்கு மேல், 12 பேர் வரை ஏற்றுகிற வண்டி. மினி பஸ் அதைவிடப் பெரிது. மேக்ஸியைவிட மினி பெரிசா என்று சிரிக்கத் தோன்றும். மேக்ஸி கேப்புக்குப் பக்கத்தில் நிற்பது 6 பேர் வரை ஏறுகிற டாக்சி. மினி பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்பது முழு பஸ். அவ்வளவுதான் விஷயம்.

தேயிலைக்கு வந்தால் சிரிப்பு கொஞ்சம் குறையும். தேயிலை வாரியக் கணக்கில் 10.12 ஹெக்டேர் வரை, அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் ஸ்மால் குரோயர். ஆயிரக்கணக்கான ஏக்கர் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவர் சின்னவர்தானே. ஆனால் மத்திய அரசின் வேளாண் கணக்கெடுப்பில் 10 ஹெக்டேரும் அதற்கு மேலும் இருந்தால் 'லார்ஜ்'. அப்படியானால் 25 ஏக்கரை முழுசாக வைத்திருக்கிற மனிதர் ஒரு ஆபீசில் சின்னவர், எதிர்த்த ஆபீசில் பெரியவர். அதே கணக்கெடுப்பில் 1 முதல் 2 ஹெக்டேர் வரைதான் ஸ்மால். 1 ஹெக்டேருக்கும் கீழே உள்ளவருக்கு மார்ஜினல் என்று பெயர். மார்ஜின் என்றால் நோட்டுப் புத்தகத்தில் ஓரமாகக் கோடு போட்டு விடுகிற இடம். நாட்டில் அதிகம் பேர் அந்த ஓரத்தில்தான் இருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதே இல்லை.

தேயிலைத் தூளிலும் அளவுப் பெயர்கள் உண்டு. பிரோக்கன், ஃபானிங்ஸ், கடைசியில் டஸ்ட். டஸ்ட் என்றால் கூட்டிப் பெருக்கிய தூசி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அது சல்லடை வைத்த பெயர், தரத்தைப் பற்றிப் பேசவில்லை. பொடி சின்னதாக ஆக ஆகத் தண்ணீர் படுகிற பரப்பு கூடும், சாயம் சீக்கிரம் இறங்கும். டீக்கடைக்காரருக்கு அதுதானே வேண்டும்? எஸ்டேட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் விடக்கூடாது. மேனேஜரைப் 'பெரிய தொரை', உதவி மேனேஜரைச் 'சின்ன தொரை' என்று நம் ஆட்கள் கூப்பிட்டதை அந்தத் தொரைமார்களே தங்கள் இங்கிலீஷில் எடுத்துக்கொண்டார்கள்.

சில சொற்களுக்குப் பழைய கதை இருக்கிறது. நோஞ்சான், சோப்ளாங்கி என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் 'ப்யூனி' என்பார்கள். பழைய பிரெஞ்சில் அது பின்னால் பிறந்தவன் என்று மட்டுமே பொருள்பட்டது. தம்பி என்றால் இளப்பமாகப் போய்விட்டது போலிருக்கிறது! ஹைகோர்ட்டில் தலைமை நீதிபதி தவிர்த்த மற்ற நீதிபதிகளைக் குறிக்க அதே சொல்லை வேறு எழுத்துக்கூட்டலில் இன்னும் வைத்திருக்கிறார்கள். உச்சரிப்பும் அதேதான். சட்டப் புத்தகத்தை வாய்விட்டுப் படிக்கும்போது பார்த்துப் படிக்கவேண்டிய இடம்.

'மினியேச்சர்' இதைவிட ருசியானது. அதற்கும் அளவுக்கும் ஆதியில் சம்பந்தமே கிடையாது. லத்தீனில் மினியம் என்றால் ஈயச் செந்தூரம். அச்சு வருவதற்கு முந்திய காலத்தில், கையால் எழுதிய ஏடுகளில் அந்தச் செந்தூரத்தால் எழுத்தைச் சிவக்கவைத்துப் படம் வரைந்தார்கள். ஏட்டின் பக்கத்துக்குள் அடங்கவேண்டிய படம் சிறிதாகத்தான் இருக்கும். மினிமம், மைனர் என்று ஏற்கெனவே காதில் பழகிய சொற்களும் சேர்ந்துகொள்ள, செந்தூரம் மறைந்து சிறிசு என்ற பொருள் நிலைத்துவிட்டது. அதன் தலையை மட்டும் வெட்டி எடுத்ததுதான் மினி. மைனர் நம்மிடம் வந்து கழுத்தில் செயின் போட்டுக்கொண்டது உங்களுக்கே தெரியும்.

சரி, 'டீனி' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். உதடு ஒடுங்குகிறது. 'லார்ஜ்' என்றால் வாய் திறக்கிறது. எட்வர்ட் சபீர் என்ற மொழியியலாளர் 1929-இல் மில், மால் என்று பொருளில்லாத இரண்டு சொற்களைக் கொடுத்து, இரண்டும் மேசையென்றால் எது பெரிய மேசை என்று கேட்டார். பெரும்பாலோர் மால் என்றார்கள். நாமும் 'இத்தினியூண்டு' என்னும்போது கண்ணைக்கூட இடுக்கிக்கொள்கிறோம். ஆனால் இங்கிலீஷில் அடிக்கடி புழங்குகிற ஸ்மாலும் பிக்கும் இந்த விதியைக் கவிழ்த்துவிடுகின்றன. பெரியதுக்கு ஒடுங்கின வாய், சின்னதுக்குத் திறந்த வாய்!

கடைசியாகப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு. தம்பியை 'ஸ்மால் பிரதர்' என்று எழுதாதீர்கள். அங்கே லிட்டில் அல்லது யங்கர். ஸ்மால் அளந்து சொல்வது. லிட்டிலில் கொஞ்சம் பிரியமும் ஒட்டியிருக்கும். 'ஸ்மால் ஸ்மால் டவுட் சார்' என்று நீங்கள் கேட்பது எனக்குப் பிடிக்கும், ஆனாலும் விடைத்தாளில் வேண்டாம். அப்புறம், 'ஐ ஹேவ் எ லிட்டில் டவுட்' என்றால் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது என்று அர்த்தம். அந்த 'எ'யை விட்டுவிட்டு 'ஐ ஹேவ் லிட்டில் டவுட்' என்றால் சந்தேகமே இல்லாத மாதிரிதான். எழுந்து நின்று இரண்டாவதைச் சொன்னால் வாத்தியார் சந்தோஷமாக அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். வணக்கம்.