நோன்பின் வாசலில் ஒரு விருந்து

பெருமதிப்பிற்குரிய அவையோரே,

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தவக்காலத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் முதல் நாளான திருநீற்றுப் புதனிலிருந்து தொடங்குவார்கள். நான் அதற்கு முந்தைய நாட்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நாற்பது நாள் ஒறுத்தலுக்கு மக்களை அழைக்கும் ஒரு சமயம், அதன் வாசலிலேயே அவர்கள் வயிறார உண்பதற்கு இடம் கொடுத்தது ஏன்? மனிதனின் பலவீனத்துக்குக் காட்டிய சலுகை என்று பலர் விடை சொல்வார்கள். ஆனால், அந்த நாட்களில் அடுப்பில் ஏறியது என்ன என்று பார்த்தால், விருந்தின் ஒவ்வொரு பண்டமும் நோன்பு விதியை ஒட்டியே அமைந்திருப்பது தெரியவரும்.

இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தின் ஒருசந்தி, அதாவது உணவைக் குறைக்கும் நோன்பு, கடுமையானது. இறைச்சியோடு, பல நாடுகளில் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. கோழிகளோ தவக்காலம் பார்த்து முட்டையிடுவதில்லை. வீட்டில் மிஞ்சியிருக்கும் முட்டையையும் வெண்ணெயையும் கொழுப்பையும் நோன்பு முடியும்வரை வைத்துக் காக்க இயலாது என்பதால், அவற்றையெல்லாம் ஒரே மாவில் கலந்து தீர்த்துவிடும் பண்டங்களே எங்கும் பெயர் பெற்றன. இங்கிலாந்தில் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய செவ்வாயன்று வார்க்கும் பான்கேக்கும், போலந்தில் அதற்கும் முந்தைய வியாழனன்று பொரித்தெடுக்கும் போன்ச்கி உருண்டைகளும், ரஷ்யாவில் நோன்புக்கு முந்தைய வெண்ணெய் வாரத்தில் சுடும் பிளினி அப்பங்களும் அவ்வகையைச் சேர்ந்தவையே. இறைச்சிக்கும் ஒரு கணக்கு இருந்தது. தீவனம் போதாத குளிர்காலத்துக்கு முன் கால்நடைகளை வெட்டி உப்பிட்டு வைப்பது அங்கே வழக்கம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் அந்த இருப்பும் குறைந்துவிடும். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நோன்புக்கும் இப்படி ஒரு முன்விருந்து உண்டு: நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளன்று வாத்துக் கறி.

மேற்கைவிடக் கிழக்குத் திருச்சபைகள் இந்த வாசலை நிதானமாகக் கடந்தன என்பது என் எண்ணம். ஆர்த்தடாக்ஸ் மரபில் நோன்புக்குப் பல வாரங்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்குகிறது. யூதச் சமயச் சட்டத்தில் கண்டிப்பான பரிசேயரும் வரிதண்டுபவரும் கோவிலில் வேண்டிய உவமையை ஒரு ஞாயிறன்று வாசிக்கிறார்கள். அதை அடுத்த வாரத்தில், ஆண்டு முழுவதும் வழக்கமாக அனுசரிக்கும் புதன், வெள்ளி நோன்புகள்கூட விலக்கிக்கொள்ளப்படுகின்றன. வாரத்தில் இருமுறை நோன்பிருப்பதாக அந்தப் பரிசேயர் கடவுளிடமே பெருமை பேசியவர் அல்லவா? நோன்பு ஆணவமாகிவிடக் கூடாது என்பதற்காக நோன்பையே ஒரு வாரம் நிறுத்தி வைத்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

இறைச்சிக்கு விடைகொடுக்கும் ஞாயிறு அதன்பின் வருகிறது. அன்று வாசிக்கப்படுவது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம்: பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்களா என்று ஆண்டவர் கேட்கும் இறுதித் தீர்ப்பு. கடைசியாகக் கறி உண்ணும் நாளில், வயிறு நிறைந்தவர்களின் காதில் விழும்படி அந்தக் கேள்வியை வைத்திருக்கிறார்கள். அடுத்த ஒரு வாரம் இறைச்சி இல்லை. பாலும் முட்டையும் மீனும் உண்டு. அந்த வாரத்தை முடிக்கும் ஞாயிறன்று, விலக்கப்பட்ட கனியை உண்டதால் ஆதாம் ஏதேனிலிருந்து வெளியேற்றப்பட்டதை நினைவுகூருகிறார்கள். மாலை வழிபாட்டில் குருவும் மக்களும் ஒருவர்முன் ஒருவர் பணிந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். அத்துடன் பெருநோன்பு தொடங்கிவிடுகிறது.

மேற்கிலும் விருந்தோடு மனந்திரும்புதல் இணைந்தே இருந்தது. இங்கிலாந்தில் அந்தச் செவ்வாயன்று பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு, அழைக்க ஆலய மணி அடிக்கப்பட்டது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்குப் பின் பாவசங்கீர்த்தன வழக்கம் மங்கிப்போக, அதே மணி பான்கேக் மணியாகிவிட்டது! விருந்தும் நோன்பும் மோதுவதாகவே கண்ட கலைஞரும் உண்டு. பீட்டர் புரூகல் 1559இல் தீட்டிய ஓவியத்தில், பீப்பாய்மேல் அமர்ந்த பருத்த மனிதர் இறைச்சி கோத்த கம்பியை ஈட்டியாக நீட்ட, எதிரே மெலிந்த நோன்பு உருவம் இரண்டு மீன்களைத் தாங்கிய அடுமனைத் துடுப்பை நீட்டுகிறது. நோன்புக்கு முந்தைய கார்னிவல் களியாட்டம் எல்லை மீறுவதைக் கண்ட இயேசு சபைத் துறவியர், அதே நூற்றாண்டில் இத்தாலியில் அந்த நாட்களிலேயே நாற்பது மணி நேர நற்கருணை ஆராதனையைப் பரப்பினார்கள்.

நோன்பு தொடங்கும் நாள் மாறினால் விருந்தின் நாளும் மாறும். மிலான் நகரின் அம்புரோசிய வழிபாட்டு முறையில் தவக்காலம் புதனன்று தொடங்காமல் ஞாயிறன்றே தொடங்குவதால், அங்கே கார்னிவல் சனிக்கிழமைவரை நீள்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிலோ, திருநீற்றுப் புதன் கழிந்த திங்களன்று அதிகாலை 4 மணிக்குத்தான் திருவிழாவே தொடங்குகிறது. அந்நகரம் 1529இல் சீர்திருத்தத் திருச்சபையின் பக்கம் சேர்ந்தது. கட்டாய நோன்பு போயிற்று, விருந்து நிலைத்தது.

கத்தோலிக்கரிடமும் விதி படிப்படியாகத் தளர்ந்தது. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் செலுத்திய காணிக்கையால் எழுந்ததாக பிரான்சின் ரூவான் பேராலயத்தின் வெண்ணெய்க் கோபுரம் பெயர் பெற்றிருக்கிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் வகுத்த ஒழுங்கின்படி, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள், வெள்ளிக்கிழமைகளுக்குச் சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு. முட்டையும் வெண்ணெயும் இப்போது எந்த நாளிலும் விலக்கல்ல. ஆகவே அவற்றைத் தீர்க்கும் அவசியமும் இல்லை. ஆயினும் ரியோவிலும் நியூ ஆர்லியன்சிலும் கொண்டாட்டம் பெருகியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை. நியூ ஆர்லியன்சின் போர்பன் தெருவில் செவ்வாய் நள்ளிரவு குதிரைமேல் வரும் காவலர்கள் கூட்டத்தைக் கலைக்கிறார்கள். மறுநாள் அதே நகரத்து ஆலயங்களில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளப் பலர் வருகிறார்கள். இதைப் பாசாங்கு என்று சொல்லும் கண்டிப்பான போதகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முந்தைய இரவு உண்டு களித்தவர் மறுநாள் நோன்பு ஏற்பதற்காகத்தானே அந்தச் செவ்வாய் ஏற்பட்டது?