வயல் காவலுக்குத் துவக்கு வைக்க மடக்குத் தாங்கி: என்ன மரம், என்ன அளவு? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்தக் கிழமை திருகோணமலை தம்பலகாமத்தில இருந்து ஒரு அண்ணை கேள்வி அனுப்பியிருக்கிறார். அப்பிடியே வாசிக்கிறன். "நாங்கள் நாலு பேர் பெரும்போகத்தில பன்றிக் காவலுக்கு இரவில வயலுக்குப் போறனாங்கள். நாலு பேரிட்டயும் லைசென்ஸ் உள்ள பன்னிரண்டு போர் (குழல் அளவு) துவக்கு இருக்கு. கொட்டில் மரத்தில சாத்தி வைச்சா வழுக்கி விழுது, நிலத்தில கிடத்தினா கறள் பிடிக்குது. மடக்கி மோட்டர் சைக்கிளில கட்டிக்கொண்டு போகக்கூடிய தாங்கி ஒண்டு செய்யலாமோ? என்ன மரம், என்ன அளவு?"

செய்யலாம் அண்ணை. ஒரு நாள் வேலை. ஆனா அளவுக்குப் போக முதல் ஒண்டு சொல்லவேணும். இது முழிச்சிருக்கிற ஆக்கள் பக்கத்தில இருக்கேக்க, வெறும் துவக்கை நிமித்தி வைக்கிற தாங்கி. விடிஞ்சாப் பிறகும் துவக்கை விட்டிட்டுப் போற இடம் இல்லை. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டம்தான் இண்டைக்கும் இலங்கையில நடைமுறையில இருக்கு. அனுமதிப்பத்திரம் ஆற்ற பேரில இருக்கோ அவர்தான் அந்தத் துவக்குக்குப் பொறுப்பு. மூண்டு பேர் வரம்பு சுத்திப் பார்க்கப் போய், மிச்ச ஆள் நித்திரை எண்டா, தாங்கி எவ்வளவு வடிவா இருந்தும் பிரயோசனமில்லை.

சரி, அளவுக்கு வருவம். எல்லாத்துக்கும் அடிப்படை துவக்கின்ர அளவு. வழமையான இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் ஏறக்குறைய 115 சென்ரிமீட்டர் நீளம், மூண்டு, மூண்டரைக் கிலோ பாரம். பாரம் நடுவாகிற இடம் சோங்கின்ர (தோளில வைக்கிற மரப்பகுதி) அடியில இருந்து அரை மீட்டர் அளவில, குழல் மடங்கிற மூட்டுக்குக் கிட்ட. சோங்கின்ர அடி 13 சென்ரிமீட்டர் உயரம், நாலரை சென்ரிமீட்டர் தடிப்பு. அடியில இருந்து 80 சென்ரிமீட்டர் மேல போனா வெறும் குழல்தான் இருக்கும். அந்த இடத்தில இரட்டைக்குழல் சேர்த்து 45 மில்லிமீட்டர் அகலம், ஒற்றைக்குழல் அதில அரைவாசி. எண்டாலும் ஒவ்வொரு துவக்கும் கொஞ்சம் வித்தியாசப்படும். மரத்தை அறுக்க முதல் உங்கட நாலையும் நாடா வைச்சு அளந்து போடுங்கோ.

தாங்கியின்ர உருவம் மடக்கு ஏணி மாதிரி. இடப்பக்கம் ரெண்டு கால், வலப்பக்கம் ரெண்டு கால். கால் ஒவ்வொண்டும் 100 சென்ரிமீட்டர் நீளம், 45க்கு 22 மில்லிமீட்டர் சட்டம். மேல் நுனியில இருந்து 4 சென்ரிமீட்டர் கீழ ஓட்டை போட்டு, முன்காலையும் பின்காலையும் 10 மில்லிமீட்டர் பொல்ட்டால இணைக்கிறது. ரெண்டு சட்டத்துக்கும் இடையில ஒரு நைலோன் வாசர். நட் சாதாரண நட் வேண்டாம், உள்ளுக்க நைலோன் வளையம் இருக்கிற நட் போடுங்கோ. மடக்கி விரிக்கேக்க சாதாரண நட் தானா கழண்டு போகும்.

கால் விரியிற அகலத்திலதான் கூடப் பேர் பிழை விடுறது. இடம் மிச்சம் பிடிக்க ஒரு அடி மட்டும் விரிக்கினம். அப்ப துவக்கு கிட்டத்தட்ட நிமிர்ந்து நிக்கும், பாரம் முன்காலுக்கு நேர மேல வந்திடும், பிறகு ஒரு பலத்த காத்து அடிச்சாலோ ஆராவது தட்டினாலோ முன்னுக்குக் கவிழும். முன்கால் நுனிக்கும் பின்கால் நுனிக்கும் இடையில 64 சென்ரிமீட்டர் விடுங்கோ. அப்ப துவக்கு 20 பாகை அளவில பின்னுக்குச் சாய்ஞ்சிருக்கும், பாரம் முன்காலுக்கு நல்லா உட்பக்கமா விழும். அந்த அகலத்துக்கு மேல விரியாமல் இருக்க, நிலத்தில இருந்து 16 சென்ரிமீட்டர் உயரத்தில ஒரு பட்டி கட்டவேணும். பழைய வாகன சீற் பெல்ட் திறம். ரெண்டு காலுக்கும் இடையில பட்டியின்ர நீளம் சரியா 53 சென்ரிமீட்டர் வரவேணும். கயிறு வேண்டாம், நனைஞ்சு காய நீளம் மாறும்.

பட்டி காலை விரிய விடாது, ஆனா உள்ளுக்கு மடங்கிறதைத் தடுக்காது. தாங்கியை ஆராவது துவக்கோட தூக்கி நகர்த்தினா கால் ரெண்டும் சேர்ந்து நாலு துவக்கும் ஒண்டா சரியும். அதால ரெண்டு பக்கத்திலயும் கால்களுக்கு இடையில ஒரு கொளுக்கிச் சட்டம் போடுங்கோ. ஒரு முனை பொல்ட்டில ஆடும், மற்ற முனையில இருக்கிற வெட்டு மற்றக் காலில இருக்கிற பொல்ட்டில விழுந்து மாட்டும். அது இருந்தாலும், துவக்கை எடுத்துப் போட்டுத்தான் தாங்கியை நகர்த்தவேணும்.

இனிக் குறுக்குச் சட்டங்கள். எல்லாம் 80 சென்ரிமீட்டர் நீளம். மேல்சட்டம் 9 சென்ரிமீட்டர் அகலம், 2 சென்ரிமீட்டர் தடிப்பு. அதின்ர நடுக்கோடு முன்கால் நுனியில இருந்து 88 சென்ரிமீட்டரில வரவேணும். அதில நாலு வெட்டு. முதல் வெட்டின்ர நடு ஓரத்தில இருந்து 13 சென்ரிமீட்டர், பிறகு 18, 18, 18. கடைசியிலயும் 13 மிஞ்சும். இரட்டைக்குழலுக்கு வெட்டின்ர அகலம் 60 மில்லிமீட்டர், ஒற்றைக்குழலுக்கு 35. ஆழம் 50. ரெண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர் மெத்தை ஒட்டின பிறகு அளவு சரியா வரும். வெட்டின்ர மூலையைச் சதுரமா அறுத்து விடாதேங்கோ. முதல்ல துளை போட்டு, பிறகு அறுத்தெடுத்தா மூலை வளைவா வரும். சதுர மூலையில இருந்துதான் பலகை வெடிக்கத் தொடங்கும்.

கீழ்த்தட்டு 17 சென்ரிமீட்டர் அகலப் பலகை. முன்காலுக்குச் செங்குத்தா, அதாவது சாய்ஞ்ச காலோட சேர்ந்து தானும் பின்னுக்குச் சாய்ஞ்சு நிக்கவேணும். அப்பதான் சோங்கு முழுசாப் பதிஞ்சு இருக்கும். தட்டின்ர மேல்முகம் கால் நுனியில இருந்து 8 சென்ரிமீட்டர் உயரம். முன் ஓரத்தில 3 சென்ரிமீட்டர் உயரமான அணை, ஒவ்வொரு துவக்குக்கும் 60 மில்லிமீட்டர் அகலமான அறை. ஒவ்வொரு அறையிலயும் பின்பக்க மூலையில 12 மில்லிமீட்டரில ரெண்டு ஓட்டை. தட்டு பின்னுக்குச் சாய்ஞ்சிருக்கிறதால தண்ணி அங்கதான் தங்கும். ஓட்டையை முன்பக்கம் போட்டிட்டு, சோங்கு ஊறிப்போச்சு எண்டு கவலைப்படுற ஆக்கள் இருக்கினம்.

பின்கால் ரெண்டையும் இணைக்க, கீழ ஒரு சாதாரணச் சட்டம் போதும். இந்த மூண்டு குறுக்குச் சட்டத்தையும் 8 மில்லிமீட்டர் பொல்ட்டும் காது நட்டும் போட்டுப் பூட்டுங்கோ. சாவி இல்லாமல் கையாலயே கழட்டலாம். மூலைக்கு ஒரு பொல்ட் மட்டும் போட்டா முழுத் தாங்கியும் பக்கவாட்டில ஆடும். மேல்சட்டத்துக்கு மூலைக்கு ரெண்டு பொல்ட், ஒண்டுக்கொண்டு 5 சென்ரிமீட்டர் இடைவெளியில. தட்டுக்கும் அப்பிடித்தான். கழட்டிக் கட்டினா ஒரு மீட்டர் நீளமான ஒரு கட்டு, ஏழு கிலோவுக்குள்ள வரும். மோட்டர் சைக்கிள் பின் கரியரில நீளப்பாட்டுக்கு வைச்சு ரெண்டு இடத்தில கட்டலாம்.

மரத்துக்கு நல்லாக் காய்ஞ்ச தேக்கு. விலை கூட எண்டா காய்ஞ்ச வேம்பும் பரவாயில்லை. பச்சை மரம் வேண்டவே வேண்டாம். காயேக்க முறுகி ஓட்டை ஒண்டுக்கொண்டு சேராமல் போகும், அதோட பச்சை மரத்தில இருந்து வாற ஈரமும் புளிப்பும் குழலைக் கறுப்பாக்கும். பொல்ட், நட் எல்லாம் ஸ்டெயின்லஸ். தம்பலகாமக் குடாவை அண்டின வயல், கிண்ணியா, நிலாவெளிப் பக்கம் எண்டா ஹாட்வெயார் கடையில 316 எண்டு கேட்டு வாங்குங்கோ. வழமையா விக்கிற 304ஐ விட அது உப்புக் காத்தைக் கூடத் தாங்கும். பொல்ட் தலை எதுவும் துவக்குப் படுற பக்கம் தள்ளிக்கொண்டு நிக்கக்கூடாது. தலையைப் பலகைக்குள்ள இறக்குங்கோ.

கறள் பிரச்சினையை, குழலிலயும் சோங்கிலயும் என்ன தொடுது எண்டதுதான் தீர்மானிக்குது. கதிரைக்குள்ள வைக்கிற ஸ்பொஞ்சை வெட்டி ஒட்டினா அது பனித்தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும். காலையில வெயில் வந்தாலும் குழல் தொட்ட இடம் ஈரமாத்தான் இருக்கும். அந்த இடத்தில மட்டும் ஒரு கறள் வளையம் விழும். சாக்கும் அப்பிடித்தான். தும்புக்கயிறு இன்னும் மோசம், அந்தத் தும்பு உவர்க் களப்பில ஊறப்போட்டு எடுத்ததா இருந்தா உப்பும் சேர்ந்து வரும். சைக்கிள் ரியூப் தண்ணி குடிக்காது, ஆனா வெயிலில சோங்கின்ர வார்னிசில ஒட்டிப்பிடிச்சுக் கறுத்த தழும்பு விடும். ரப்பர் செருப்பு அடி செய்யிற மெல்லிய நுரைச் சீற் இருக்கல்லோ, அதுதான் சரி. தண்ணி ஏறாது, மெத்தெண்டு இருக்கும். வெட்டுக்கு 5 மில்லிமீட்டர், தட்டுக்கு 10 மில்லிமீட்டர். ஒட்டினது மட்டும் காணாது, ஓரத்தில சின்னப் பித்தளை ஆணி அடியுங்கோ. ஆணித்தலை துவக்கில படாத இடமாப் பார்த்து.

துவக்கைத் தாங்கியில வைக்கிற ஒழுங்கு இது. முதல்ல மூட்டைத் திறந்து, ரெண்டு குழலுக்குள்ளயும் வெளிச்சம் அடிச்சுப் பார்த்து, தோட்டா இல்லை எண்டதைப் பக்கத்தில நிக்கிற ஆளுக்கும் காட்டுங்கோ. பிறகுதான் மூடித் தாங்கியில வைக்கிறது. மடங்கின துவக்கு தாங்கியில நிக்காது, அதாலதான் இந்தப் பரிசோதனையில விட்டுக்கொடுப்பு இல்லை. தோட்டா எல்லாம் பூட்டுற தகரப் பெட்டியில, ஒரு ஆளின்ர பொறுப்பில. வெட்டுக்கு முன்னால, நாலு வெட்டையும் ஒண்டா மூடுற மாதிரி 25 மில்லிமீட்டர் அகலமான அலுமினியப் பட்டை ஒண்டு போடுங்கோ. ஒரு முனை பொல்ட்டில சுழலும், மற்ற முனையில ஆமைப்பூட்டு. காத்துக்கும் விழாது, சின்னப் பிள்ளையள் வந்தாலும் இழுத்தெடுக்க ஏலாது.

தாங்கியில குழல்வாய் மேல பார்த்து நிக்கும். மழைத்தண்ணி நேர உள்ளுக்க இறங்கும், குளவியும் ஓட்டையைக் கண்டா மண் கொண்டுவந்து கூடு கட்டும். அதுக்காகத் துணியை உருட்டிக் குழலுக்குள்ள அடையாதேங்கோ. அவசரத்தில எடுக்காமல் விட்டா, வெடிக்கேக்க குழலே பிளந்துபோகும், முன்கை குழலில இருக்கிற ஆளுக்குக் கை போகும். வெளிப்பக்கமாக் கவிழ்க்கிற மூடி போடுங்கோ, சின்ன பிளாஸ்ரிக் போத்தல் அடியை வெட்டினாலே போதும், கடும் நிறமா இருந்தா நல்லது. மூடி போட்டிருந்தாலும், தோட்டா போட முதல் ஒவ்வொரு தரமும் குழலுக்குள்ளால வெளிச்சம் தெரியுதோ எண்டு பார்க்கத்தான் வேணும்.

மேல ஒரு படங்கு கட்டுங்கோ, துவக்கில இருந்து ஒரு முழம் உயரத்தில, நாலு பக்கமும் காத்துப் போற மாதிரி. பொலித்தீனால துவக்கைச் சுத்தி மூடினா, தை, மாசி மாதப் பனியில உள்ளுக்கேயே வேர்த்து வெளியில இருந்ததை விட மோசமா நனையும். தோல் உறையும் அப்பிடித்தான், கொண்டுபோக மட்டும், வைச்சிருக்க இல்லை. விடிய வீட்டை போனதும் காய்ஞ்ச துணியால துடைச்சு, பிறகு எண்ணெய் தொட்ட துணியால ஒரு தரம். கையால பிடிச்ச இடத்தைக் கவனிச்சுத் துடையுங்கோ, வேர்வையிலயும் உப்புத்தான் இருக்கு. எண்ணெய் கூடினா குழலால வடிஞ்சு சோங்கு மரத்துக்குள்ள இறங்கி அதை இளக்கும், அதால ரெண்டு, மூண்டு துளிக்கு மேல வேண்டாம்.

வரம்பு மண் இளகி இருக்கிற காலத்தில கால் புதையும். ஒரு பக்கம் மட்டும் புதைஞ்சா தாங்கி சரியும். ஒவ்வொரு காலுக்கும் கீழ 10 சென்ரிமீட்டர் சதுரப் பலகைத் துண்டு வையுங்கோ. கொட்டிலுக்குள்ள மேட்டு இடமாப் பார்த்து வைச்சா இன்னும் நல்லது.

கேள்வியின்ர கடைசியில, அறுவடை முடிஞ்சா தாங்கியைக் கொட்டிலிலயே விடலாமோ எண்டும் கேட்டிருக்கிறார். தாங்கியை விடலாம். காது நட்டுகளைத் தளர்த்தி, சட்டங்களைத் தனித்தனியாக் கழட்டி, மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சுக் குடுத்து, நிலத்தில இல்லாமல் ரெண்டு செங்கல்லுக்கு மேல அடுக்குங்கோ, கறையான் ஏறுறது குறையும். திரும்பப் பூட்டேக்க வெட்டுகளில ஒட்டின நுரைச் சீற்றைப் பாருங்கோ. இறுகி மெலிஞ்சிருந்தா அதை மட்டும் மாத்தினாச் சரி.